அமெரிக்க லைசென்ஸை வைத்துக்கொண்டு ஊரில் கார் ஓட்டலாமா?

லீவுக்கு ஊருக்கு வருகிறேன், கையில் அமெரிக்க லைசென்ஸ் இருக்கிறது, தங்கச்சி வீட்டுக்காரர் கார் தருகிறேன் என்கிறார், ஓட்டினால் போலீஸ் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை வந்த பதில்களில் பாதி, "ஏதாவது கொடுத்தால் விட்டுவிடுவார்கள்" ரகம். அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உங்கள் பழைய இந்திய லைசென்ஸைத் தேடி எடுங்கள். அது இன்னும் காலாவதியாகாமல் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், அதைக் காட்டி ஓட்டிவிட்டுப் போகலாம். ஆனால் ஊரை விட்டுப் போய்ப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து லைசென்ஸ் 20 வருஷம் அல்லது 50 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். என்னுடையது 2003-ல் எடுத்தது, 2023-ல் முடிந்துவிட்டது. முடிந்து ஒரு வருஷத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் மறுபடியும் டெஸ்ட். புதிதாக எடுக்கலாம் என்றால் எல்எல்ஆர் போட்டு 30 நாள் காத்திருந்தால்தான் எட்டுப் போடவே விடுவார்கள். மூன்று வார லீவில் வருகிறவனுக்கு அது நடக்கிற காரியமா?

சரி, அமெரிக்க லைசென்ஸ். அது மட்டும் போதாது, கூட ஐடிபி வேண்டும், அதாவது பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு. 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் இந்தியாவும் இருக்கிறது, அமெரிக்காவும் இருக்கிறது. அதன்படி கொடுக்கப்படுவது. லைசென்ஸ் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டில்தான் இதை வாங்க வேண்டும். உங்கள் பாஸ்போர்ட் இந்தியாவுடையதா அமெரிக்காவுடையதா என்பது இதில் பேச்சே இல்லை. டிரிபிள் ஏ (AAA) என்கிற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் ஆபீஸில் 20 டாலர், இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஒரு ஃபாரம், அவ்வளவுதான். ஒரு வருஷம் செல்லும். லைசென்ஸும் ஐடிபியும் இரண்டும் கையில் இருக்க வேண்டும், ஒன்று இல்லாமல் மற்றது வெறும் காகிதம். ஆன்லைனில் மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று பளபளப்பான கார்டு விற்கிறார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி என் கதை. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகப் பிள்ளையார்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் ஸ்விஃப்ட், நான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில், பின்னால் அம்மாவும் தங்கச்சியும். திருமயம் தாண்டி ஓரமாக நின்றிருந்த கான்ஸ்டபிள் கை காட்டினார். ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் மாப்பிள்ளை போனில் காட்டிவிட்டார். லைசென்ஸ் கேட்டதும் நான் நியூ ஜெர்சி கார்டையும் அந்தச் சாம்பல் நிறப் புத்தகத்தையும் நீட்டினேன். கார்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புத்தகத்தை இரண்டு பக்கம் புரட்டினார்.

"என்ன சார் இது, பாஸ்போர்ட்டா?"

"இல்லை சார், ஐடிபி. வெளிநாட்டு லைசென்ஸ் வச்சிருக்கிறவங்களுக்குக் கொடுக்கிறது."

"நம்ம ஊர் லைசென்ஸ் இல்லையா?"

மாப்பிள்ளை அதற்குள் பர்ஸை எடுத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக் கீழே வைத்தேன். கான்ஸ்டபிள் புத்தகத்தை ஜீப்புக்கு எடுத்துப் போனார். உள்ளே இருந்த எஸ்ஐ நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அங்கேதான் போட்டோவும், எந்த வகை வண்டி ஓட்டலாம் என்ற முத்திரையும் இருக்கும். என்னுடையதில் 'பி'க்கு நேராக முத்திரை, அது கார். 'ஏ'வுக்கு நேரே வெற்று, அது மோட்டார்சைக்கிள். தேதியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "மெதுவாப் போங்க சார், அங்க மாதிரி இல்ல இங்க" என்று திருப்பிக் கொடுத்தார். சல்லிக்காசு செலவில்லை.

மாப்பிள்ளைக்கு மட்டும் தாங்கவில்லை. கோயில் வாசல் வரைக்கும், "நூறு ரூபாயில முடிஞ்சிருக்கும் மச்சான், பத்து நிமிஷம் வெயில்ல நின்னாச்சு" என்று புலம்பிக்கொண்டே வந்தார். நிற்கட்டுமே, எனக்கு என்ன?

இதை அலட்டல் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். நான் வக்கீல் இல்லை, போலீஸ் எல்லாம் உத்தமர்கள் என்றும் சொல்ல வரவில்லை. "நான் பல வருஷமா வெறும் லைசென்ஸில்தான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல" என்று யாராவது கீழே எழுதுவீர்கள், எழுதுங்கள். ஒன்றும் ஆகாதவர்கள்தான் வந்து எழுதுவார்கள்.

உண்மையில் நீங்கள் போலீஸைப் பற்றிக் கவலைப்படுவதே தப்பான கவலை. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் இடம் இருக்கிறது. அது மோட்டார் வாகனச் சட்டத்தில் 181-வது பிரிவு. அதற்கு முந்தின 180-வது பிரிவைப் பலரும் படிப்பதில்லை. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தவருக்கும் அதே தண்டனை. அதாவது உங்கள் தங்கச்சி வீட்டுக்காரருக்கு. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், வண்டி அவர் பேரில்.

இது சும்மா மிரட்டல் இல்லை. என் பெரியப்பா மகன் டெக்சாஸில் இருக்கிறான். லீவில் வந்தவன் மாமனாரின் ஆக்டிவாவை எடுத்துக்கொண்டு அறந்தாங்கி கடைவீதிக்குப் போயிருக்கிறான். காருக்கு மட்டுமான அமெரிக்க லைசென்ஸ்தான் அவனிடம், ஐடிபி கிடையாது. இருந்திருந்தாலும் டூவீலருக்குச் செல்லாது. சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர்மேல் இடித்து, அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. யார் மேல் தப்பு என்பதை விடுங்கள். இழப்பீட்டு வழக்கு வந்ததும் இன்சூரன்ஸ் தரப்பு முதலில் கேட்டது லைசென்ஸைத்தான். கடைசியில், இன்சூரன்ஸ் கம்பெனி அந்தப் பெரியவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. வண்டிக்காரர் யார்? ரிட்டையர்டு வாத்தியார். பென்ஷனில் இருக்கிற மனுஷர் வாய்தா வாய்தாவாக அலைந்தார். பையன் டாலர் அனுப்பினான், இல்லை என்று சொல்லவில்லை. கோர்ட் வராந்தாவில் நிற்க ஆள் அனுப்ப முடியவில்லையே.

அதனால்தான் ஊரில் நான் ஸ்கூட்டரைத் தொடுவதில்லை. அம்மா கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னால் நடந்துதான் போவேன். "நியூ ஜெர்சியில பெரிய கார் ஓட்டுறவருக்கு ஆக்டிவா ஓட்ட பயமாம்" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பது காதில் விழத்தான் செய்கிறது. காலேஜ் படிக்கும்போது ஆர்எக்ஸ் 100-ல் மூன்று பேரை வைத்து ஓட்டியவன் நான், எனக்குப் பயமா? நியூ ஜெர்சியில் மோட்டார்சைக்கிளுக்குத் தனியாக டெஸ்ட் பாஸ் செய்ய வேண்டும், நான் செய்யவில்லை, முத்திரை இல்லை, ஓட்டவில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஓட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். இண்டிகேட்டர் போடப் போய் வைப்பர் ஓடுவது இரண்டு நாள். நான்குவழிச் சாலையில் ஓரத்தை ஒட்டி எதிர்த்திசையில் டூவீலர் வரும், அதுவும் லைட் இல்லாமல். ராத்திரியில் ஓட்டாதீர்கள், டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரிஜினல் காகிதம் எல்லாம் பையில் இருக்கட்டும். உள்ளூர்க்காரர்கள் டிஜிலாக்கரில், அதாவது அரசாங்கத்தின் ஆவண ஆப்பில், காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, அமெரிக்க லைசென்ஸ் அதில் வராது, போதாக்குறைக்கு ஆதாரோடு இணைத்த மொபைல் நம்பரும் வேண்டும். அந்த நம்பர் என்ன ஆனது? மூன்று மாதம் பயன்படுத்தாமல் விட்டால் எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். என் நம்பர் இப்போது யாரிடமோ இருக்கிறது. என் பேங்க் ஓடிபி எல்லாம் அவருக்குப் போகிறது. நம்பரை மாற்றலாம் என்று பேங்குக்குப் போன் போட்டால் கிளைக்கு நேரில் வா என்கிறார்கள். லீவில் ஒரு நாளைத் தியாகம் செய்து, டோக்கன் வாங்கி உட்கார்ந்து, கவுன்டர் வரைக்கும் போனால், அந்த அம்மா கேட்கிறார், "பழைய நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்." அந்த நம்பர் இல்லை என்பதற்காகத்தானே அம்மா நான் வந்திருக்கிறேன்! சிஸ்டம் அப்படித்தான் கேட்குதாம். மேனேஜர் லீவாம், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபிளைட்.

போலீஸ்காரர் பத்து நிமிஷத்தில் என்னைச் சரிபார்த்து அனுப்பிவிட்டார், பேங்கால் முடியவில்லை. பேங்கில் நம்பரை மாற்ற யாரிடமாவது வழி இருந்தால் கீழே எழுதுங்கள். கிளைக்கு நேரில் போகச் சொல்ல மட்டும் வேண்டாம்.