பழைய வீட்டு வாடை: உறுப்பினர் கேள்விகளும் என் பதில்களும்

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். வீட்டு வாடை பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பதில் எழுதியிருக்கிறேன். எந்த வாசனைத் திரவம் நல்லது என்று கேட்டவர்கள்தான் அதிகம். அவர்களுக்குச் சற்று ஏமாற்றம் காத்திருக்கிறது.

கே: வெளியூர் போய்த் திரும்பிக் கதவைத் திறந்ததும் மக்கிய வாடை முகத்தில் அடிக்கிறது. சிறிது நேரத்தில் ஒன்றும் தெரிவதில்லை. வாடை உண்மையில் போய்விடுகிறதா, ஐயா?

போகவில்லை, உங்கள் மூக்குதான் பழகிவிடுகிறது. மாறாமல் இருக்கும் எந்த வாடையையும் மூக்கு சில நிமிடங்களில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். ஆகவே கதவைத் திறந்த அந்த முதல் மூச்சை வீணாக்காதீர்கள். நேராக ஒரு அறைக்குப் போய் முகர்ந்து பாருங்கள். பிறகு வெளியே வந்து நன்றாகக் காற்று வாங்கிவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். அலமாரிக் கதவைத் திறந்து முகருங்கள், குனிந்து சுவரடியிலும் முகருங்கள். மனதில் பட்டதை மறைக்காமல் சொல்லும் விருந்தாளி கிடைத்தால் இன்னும் நல்லது.

மக்கிய வாடைக்குக் காரணம் பெரும்பாலும் பூஞ்சையும் ஈரமும்தான். மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாடையைத் தருவது ஜியோஸ்மின் என்ற பொருள். சில நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் அதை உண்டாக்குகின்றன. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். கண்ணுக்குப் பூஞ்சை தெரியவில்லை என்பதால் பூஞ்சையே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு ஈரப்பதமானி வாங்கி வையுங்கள். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 30 முதல் 50 வரை இருந்தால் நல்லது.

கே: சுண்ணாம்புக் காரையால் கட்டிய வீடு. சுவர் உதிர்கிறது என்று அடிப்பகுதிக்குச் சிமெண்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தோம். அதன் பிறகுதான் வாடை அதிகமாகியிருக்கிறது. உப்பும் பூக்கிறது. மறுபடியும் பூசலாமா?

மறுபடியும் சிமெண்டா? வேண்டவே வேண்டாம். எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி இந்தக் கதைதான்.

பழைய சுவர் தரையிலிருந்து கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரைக்கு நுண்துளைகள் உண்டு என்பதால், உறிஞ்சிய ஈரம் அந்த வழியே ஆவியாகிவிடும். அதன் மேல் சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் ஏறினால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. சுவருக்குள்ளேயே நின்று, பூச்சு முடியும் இடத்துக்கு மேலே ஏறி, அங்கே உப்பைக் கொண்டுவந்து கொட்டும். விரல் கணுவால் சுவரைத் தட்டிப் பாருங்கள். நல்ல பூச்சு கெட்டியாக ஒலிக்கும், உள்ளே விட்டுப்போன பூச்சு பொள்ளலாக ஒலிக்கும். அப்படி ஒலிக்கும் இடத்தில் ஒரு சில்லைப் பெயர்த்து முகர்ந்தால், நீங்கள் தேடிக்கொண்டிருந்த வாடை அங்கேயே இருக்கும்.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். பல ஆண்டுகளாக மண் சேர்ந்தோ தளம் போட்டோ வெளித்தரை வீட்டின் உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா? மழைநீர்க் குழாய் சுவரோரத்தில் கொட்டுகிறதா? சுவரை ஒட்டிச் செடி வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? இவற்றைச் சரிசெய்யாமல் உள்ளே செலவழிக்கும் பணம் அத்தனையும் வீண். அதன் பிறகு சிமெண்ட் பூச்சைப் பெயர்த்தெடுத்து, உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்து அகற்றுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். அது காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கக் கூடியது.

பிறகு சுவரைக் காயவிட வேண்டும். இங்கேதான் எல்லோருக்கும் பொறுமை போய்விடுகிறது. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடத் தொழிலில் ஒரு உத்தேசக் கணக்கு. கனத்த சுவர் என்றால் ஒரு வருடம்கூட ஆகலாம். நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்புக் காரையே பூசி, சுண்ணாம்பே அடியுங்கள். புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தன்மையைப் பூஞ்சை தாங்காது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: மிகப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த பெயிண்டைத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இது இன்னும் முக்கியம்.

கே: ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து சுவரில் படிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு முழ அளவு பிளாஸ்டிக் தாளை எடுத்து, நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் வியர்க்கிற வீடுகளும் உண்டு.

கே: நாள் முழுக்க ஜன்னல்களைத் திறந்தேதான் வைத்திருக்கிறோம். மழை மாதங்களில் வாடை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

அந்த மாதங்களில் வெளிக்காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. அது உள்ளே வந்து குளிர்ந்த சுவரிலும் பீரோவின் முதுகிலும் படிகிறது. ஈரப்பதமானியை வெளியே கொஞ்ச நேரம், உள்ளே கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். வெளியே குறைவாக இருக்கும் வேளையில், எதிரெதிரே உள்ள ஜன்னல்களைச் சேர்த்துத் திறந்து, காற்று அறையைக் கடந்து போக விடுங்கள். அரைகுறையாக நாள் முழுக்கத் திறந்து வைப்பதைவிடச் சிறிது நேரம் அகலத் திறப்பது மேல். மற்ற நேரத்தில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இருந்தால் ஓடட்டும்.

குளியலறை, சமையலறை விசிறிகளின் குழாய் எங்கே போய் முடிகிறது என்றும் பார்த்துவிடுங்கள். பரணுக்குள் கொண்டுபோய் விட்டிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நீராவியைத் தலைக்கு மேலே சேமித்து வைப்பதில் என்ன லாபமோ!

கே: விருந்தினருக்கென்று ஒரு குளியலறை இருக்கிறது, யாரும் புழங்குவதில்லை. சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம், ஆனாலும் சாக்கடை நாற்றம்.

புழங்காததுதான் காரணம். தரை வடிகாலுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் கீழே, பிளம்பர்கள் டிராப் என்று சொல்லும் ஒரு வளைவு உண்டு. அதில் எப்போதும் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் உங்கள் அறைக்கும் நடுவே உள்ள கதவு. சில வாரங்கள் யாரும் தண்ணீர் விடாவிட்டால் அது ஆவியாகிவிடும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் ஆவியாவது தாமதப்படும்.

தண்ணீர் ஊற்றியும் நாற்றம் நிற்கவில்லை என்றால், டிராப்பே வைக்காமல் குழாயை நேராக இணைத்திருக்கலாம், அல்லது கழிப்பறைப் பீங்கானின் அடியில் உள்ள பொருத்து விட்டிருக்கலாம். அது பிளம்பருக்கான வேலை. எக்காரணம் கொண்டும் செப்டிக் டேங்குக்குள்ளோ சாக்கடைத் தொட்டிக்குள்ளோ தலையை நீட்டி முகர்ந்து பார்க்காதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம்.

கே: வடிகாலில் சோடா உப்பும் வினிகரும் சேர்த்து ஊற்றினால் நாற்றம் போகுமா?

நுரையைப் பார்க்க நன்றாக இருக்கும். ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிட்டு, பெரும்பாலும் உப்புத் தண்ணீராக ஓடிவிடும். ஜாலியைக் கழற்றி, சிக்கிய முடியை எடுத்து, குழாயின் உட்பக்கம் படிந்த வழவழப்பைப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள். பிளீச்சோடு வினிகரை மட்டும் எப்போதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

கே: வாங்கிய வீட்டில் முன்பிருந்தவர் சங்கிலித்தொடராகப் புகைபிடித்திருக்கிறார். இரண்டு கோட் பெயிண்ட் அடித்தும் சிகரெட் வாடை வருகிறது. ஓசோன் இயந்திரம் வைத்தால் போகும் என்கிறார்கள்.

கழுவாமல் பெயிண்ட் அடித்திருப்பீர்கள். நிகோடினும் தாரும் பிசினாகச் சுவரில் படிந்திருக்கின்றன. நீரில் கலந்த பெயிண்ட் அவற்றைக் கரைத்து மேலே இழுத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரால் சுவரைக் கழுவுங்கள், கீழிருந்து மேலாக. மேலிருந்து தொடங்கினால் பழுப்பு நீர் வழிந்து, காய்ந்த சுவரில் கோடு கோடாகப் பிடித்துக்கொள்ளும். மேற்கூரை, மின்விசிறி இறக்கை, கதவின் மேல்விளிம்பு எதையும் விடாதீர்கள். காய்ந்ததும் அரக்கு கலந்த பிரைமர் ஒரு கோட், அதன் மேல் பெயிண்ட். அவர் விட்டுப்போன திரைச்சீலையும் கம்பளமும் இருந்தால், தயங்காமல் வெளியேற்றிவிடுங்கள்.

ஓசோன் வேண்டாம். வாடையை அடக்கும் அளவுக்கு ஓசோன் சேர்ந்தால் நுரையீரலுக்குத்தான் கேடு.

கே: எங்கள் பாட்டியின் அறையில் ஒரு வாடை இருக்கிறது. அவர் சுத்தமானவர், தினமும் குளிப்பவர். பேரப்பிள்ளைகள் மூக்கைப் பொத்துவது அவருக்கும் தெரிகிறது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பாட்டியிடம் எதுவும் சொல்ல வேண்டாம். பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 2001-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2-நொனெனல் என்ற பொருளைப் பற்றி எழுதினார்கள். நாற்பது வயதுக்கு மேல் தோலின் எண்ணெய்ப் பசை மாறுகிறது. அது காற்றுபட்டுச் சிதையும்போது இந்தப் பொருள் உண்டாகிறது. நாள்தோறும் குளிப்பவருக்கும் இது இருக்கும், நமக்கும் வரப்போகிறது.

இது எண்ணெய்த் தன்மை கொண்டது. வெறும் தண்ணீரில் அலசினால் துணியை விட்டுப் போகாது. தலையணை உறை, படுக்கை விரிப்பு, கழுத்தில் படும் துண்டு ஆகியவற்றைத் துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில், சோப்புத்தூள் போட்டு, அடிக்கடி துவையுங்கள். தலையணையே பழசானால் புதிது வாங்கிக் கொடுங்கள். முதியவர்களுக்குக் குளிரும் என்பதால் அவர்கள் அறை ஜன்னல் பெரும்பாலும் மூடியே கிடக்கும். அவர் சாப்பிட எழுந்து வரும் வேளையில் திறந்துவிட்டு, அவர் திரும்புவதற்குள் மூடிவிடுங்கள்.

கே: பூனை ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டது. பல முறை துடைத்தும் ஈரமான நாட்களில் நாற்றம் திரும்புகிறது.

பூனைச் சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. படிகமாக ஒட்டிக்கொண்டிருந்து, ஈரம் கூடும்போதெல்லாம் மணக்கத் தொடங்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், நீங்கள் துடைக்காத இடங்களும் ஒளிரக்கூடும். செல்லப்பிராணிக் கறைக்கென்று விற்கும் என்சைம் திரவத்தை நனைய ஊற்றி, சில மணி நேரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊற்றிய உடனே துடைத்தெடுத்தால் பயனில்லை. சிறுநீர் மேல் பிளீச் ஊற்றினால் நச்சுவாயு வரும்.

கே: மர அலமாரியில் துணிகளுக்கும் பழைய புத்தகங்களுக்கும் நடுவே அந்துருண்டை போட்டு வைக்கிறோம். பாதுகாப்பானதா, அக்காவுக்குக் கைக்குழந்தை இருக்கிறது.

குழந்தை இருக்கும் வீட்டில் உடனே எடுத்துவிடுங்கள். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் அப்படியே ஆவியாகக் கூடியது. அதன் மணம் அறையில் வருகிறது என்றால் எல்லோரும் அதைச் சுவாசிக்கிறீர்கள் என்று பொருள். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது இரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். அந்துருண்டையோடு வைத்த துணிகளைத் துவைத்து, வெயிலில் போட்ட பிறகே குழந்தைக்குப் பயன்படுத்துங்கள்.

அலமாரியைக் காலி செய்து சுவரிலிருந்து இழுத்துப் பாருங்கள். அதன் முதுகுப் பலகையில் சாம்பல் நிறத் திட்டுகள் இருந்தால் நோய் அங்கேதான். துடைத்து, சில நாள் திறந்து போட்டு, உட்புறம் அரக்கு வார்னிஷ் இரண்டு கோட் அடியுங்கள். திரும்ப வைக்கும்போது சுவருக்கும் அதற்கும் கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். புத்தகங்களை வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் அணிந்து தூசி தட்டுங்கள். பழைய தாளில் வெனிலாவை ஒத்த ஒரு மணம் வருவது உண்டு, அது தாள் மெல்லச் சிதைவதால் வருவது, கெடுதல் இல்லை. மூக்கை உறுத்துவது பூஞ்சை. அந்தப் புத்தகங்களை மூடிய பெட்டியில், ஒரு கிண்ணம் ஆக்டிவேட்டட் கரியோடு, தாளில் படாமல் சில வாரம் வையுங்கள். அதற்கு முன் அவை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும்.

கே: செடிகள் வைத்தால் காற்று சுத்தமாகும் அல்லவா?

செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சுக்கு ஆதாரமாகச் சொல்லப்படும், 1989-ல் நாசா செய்த ஆய்வு மூடிய சிறு பெட்டிகளில் நடந்தது. வீட்டுக்குள் சாதாரணமாக வந்துபோகும் வெளிக்காற்று செய்யும் சுத்தத்துக்குச் செடிகள் ஈடாக வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டியிருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். அழகுக்கு வையுங்கள். ஈரத் தொட்டி மண்ணும் பூஞ்சை வாடை தரும் என்பதை மறக்காதீர்கள்.

கே: எல்லாம் சரி ஐயா, வாசனைக்கு எதுவுமே வைக்கக் கூடாதா?

வைக்கலாம். வாடையின் காரணத்தை அகற்றிய பிறகு, ஜன்னல் திறந்திருக்க, கொஞ்சமாக. எலுமிச்சை, ஆரஞ்சு மணம் தரும் லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கக் கூடியது. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் ஸ்பிரே வேண்டாம்.

கே: கூடத்தில் சில மாலைகளில் மட்டும் மீன் கவிச்சி போல ஒரு வாடை. நாங்கள் மீன் வாங்குவதே இல்லை.

இதை முதலில் படித்திருக்க வேண்டும் நான். சுவிட்ச் பலகை, பிளக் எல்லாவற்றையும் பாருங்கள். சூடேறும் மின்பாகங்களின் பிளாஸ்டிக்கும் பிசினும் அப்படித்தான் நாறும். மாலையில் விளக்குகளும் கருவிகளும் சேர்ந்து ஓடும்போது மட்டும் வருவது அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்துகிறது. பழைய வயரிங் வேறு. தொட்டால் சுடும் பலகையோ, பழுப்பேறிய பிளக்கோ கண்ணில் பட்டால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்று மாலையே.