வவுனியாப் பக்கம் செம்மண் மேட்டுக்காணி, மழை விட்டதும் கல்லாய் இறுகுகிறது. வீட்டிலேயே மண்ணைச் சோதித்துச் சேதன முறையில் திருத்துவது எப்படி?

உடனே பசளை தேட வேண்டாம். வன்னிச் செம்மண் காய்ந்தால் இறுகும், நனைந்தால் ஒட்டும். இதில் முதலில் பார்க்கவேண்டியது, மண்கட்டி தண்ணீரில் கரையாமல் நிற்கிறதா என்பதே.

பயிர் செய்த இடத்திலும் வேலியோர மரத்தடியிலும் கடலைப் பருமனில் கட்டிகள் எடுத்து நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரக் கட்டியைப் போட்டால் கெட்ட மண்ணும் நல்லதுபோலத் தெரியும். காய்ந்ததைத் தேநீர் வடியில் வைத்துத் தண்ணீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்துங்கள். மரத்தடிக் கட்டி நின்று, தோட்டத்துக் கட்டி கரைந்தால் குறை சேதனப்பொருளில்தான். மழைத்துளியும் இதையே செய்கிறது: உடைந்த நுண்துகள் மண்ணின் துவாரங்களை அடைத்து, காய்ந்ததும் ஓடாகிறது.

மண்ணில் களி (களிமண்) எவ்வளவு என்றறிய, 15 சதமமீற்றர் ஆழம்வரை 8–10 இடத்து மண்ணைக் கலந்து, கல், வேர் நீக்கி, போத்தலில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். தண்ணீரும் ஒரு தேக்கரண்டி சவர்க்காரத் தூளும் சேர்த்து ஐந்து நிமிடம் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படியும், வண்டல் இரண்டு மணித்தியாலத்தில், களிக்கு ஒன்றிரண்டு நாள். சவர்க்காரம் இல்லாவிட்டால் களி திரண்டு வண்டலோடு விழுந்து கணக்குப் பிழைக்கும்.

மண்ணின் அமிலகாரத்தை (pH) அளக்காமல் சுண்ணாம்போ சாம்பலோ போடாதீர்கள். காரம் கூடினால் இரும்பும் நாகமும் (துத்தநாகம்) பயிருக்குக் கிடைக்காது.

திருத்தத்துக்கு என் முதல் தெரிவு, பசுந்தாட் பசளைக்கு விதைக்கும் சணல் (சணப்பு). ஐப்பசி மழையோடு ஏக்கருக்கு 10–12 கிலோ விதையுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் அழுகிவிடும். பூக்கத் தொடங்கும்போது, 45–50 நாளில், வெட்டி மேல்மண்ணோடு கலவுங்கள். பிந்தினால் தண்டு நாராகி உக்காது. அடுத்த பயிருக்கு இரண்டு கிழமை இடைவெளி விடுங்கள். மாரிப் பயிரை முழுதாக இழக்க முடியாதென்றால், ஆண்டுக்கு மூன்றிலொரு பங்கு காணியில் செய்யலாம்.

வைக்கலை எரிப்பதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. இந்தக் காணிக்கு வேண்டிய போர்வையே அதுதான். நான்கு அங்குலத் தடிப்பில், கன்றின் அடியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள். ஒட்டிப் போட்டால் கறையான் தண்டுக்கு ஏறும். மண்ணுக்குள் புதைக்கவும் வேண்டாம். வைக்கலை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நைதரசனை எடுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளிக்கும். வேலிக்குச் சீமைக்கிளுவைத் தடி நட்டால், அதன் இலையை வெட்டி வைக்கலோடு போட அந்தக் குறையும் தீரும்.

ஒவ்வொரு மாரி முடியவும் அதே இடங்களில் கட்டி எடுத்து, கரைய எத்தனை நிமிடம் என்று குறித்து வையுங்கள்.