தினம் ரெண்டு கிளிக் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். எனக்குச் சேரன்மகாதேவி. வயது 27. ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வசூல் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருஷமாகத் தாமிரபரணிக் கரை ஊர்களைப் பற்றி வலைப்பூ எழுதி வருகிறேன். படித்துறைகள், பத்தமடைப் பாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம், சுடலைமாடன் கொடை என்று 90 பதிவுகள் ஆகிவிட்டன. 14 மாதத்துக்கு முன்னால், நம் பக்கத்தில் விளம்பரம் காட்டி வருகிற காசில் நமக்கும் பங்கு தருகிற கூகுள் ஆட்சென்ஸைப் போட்டேன். இதுவரை சேர்ந்தது 11 டாலர். 10 டாலர் தாண்டியதும், முகவரியைச் சரிபார்க்கிற பின் நம்பர் தபாலில் வந்தது. அம்மா அதை ஒரு நாள் முழுக்கச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள்.

'ஆத்தையும் படித்துறையையும் எவன் படிப்பான்? இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு, கடன் பற்றி இங்கிலீஷில் எழுது, ஒரு கிளிக்குக்கே டாலர் கணக்கில் வரும்' என்கிறான் நண்பன். மாறிவிடலாமா? இன்னும் நாலு இடத்தில் விளம்பரம் வைத்தால் வருமானம் கூடுமா? எழுத்தைக் காசாக்குவதே தப்பா? இருட்டுக்கடை அல்வா விளம்பரம் பண்ணியா விற்கிறது, சரக்கு நன்றாக இருந்தால் போதாதா என்றும் தோன்றுகிறது. இப்போதைக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பதிவைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, தினம் ரெண்டு கிளிக் மட்டும் பண்ணிவிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதைப் படித்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஏல, கிளிக் என்ன கல்யாண மொய்யா? சித்தப்பா ரெண்டு, அத்தை ரெண்டு, மாமா வீட்டில் நாலு என்று நோட்டுப் போட்டு எழுதுவதற்கு? இந்தப் பதிலை மேலே படிக்கும் முன் அந்தக் குழுவில் 'யாரும் விளம்பரத்தைத் தொட வேண்டாம்' என்று ஒரு செய்தி போட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள் விளம்பரத்தை நீங்களே தட்டுவதும், தெரிந்தவர்களைத் தட்டச் சொல்வதும் விதிப்படி செல்லாத கிளிக். அதே பத்துப் போன், அதே ஊர், தினமும் அதே மாதிரி ரெண்டு தட்டு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை ஒன்றும் வேண்டாம். கணக்கை மூடிவிடுவார்கள். அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்த தாளுக்கு அப்புறம் மதிப்பில்லை. அது போகட்டும். அந்தக் காசு யாருடையது என்று யோசித்தீர்களா? தென்காசியில் புதிதாகப் பல் ஆஸ்பத்திரி வைத்த ஒரு சின்ன டாக்டர், நாலு பேர் வரட்டும் என்று கட்டிய பணமாக இருக்கலாம். உங்கள் அத்தைக்குப் பல் செட்டு கட்டி எத்தனை வருஷம் ஆகிறதோ, அவர் தினமும் ரெண்டு தடவை அந்த டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடுகிறார்.

நண்பன் சொல்லும் கிளிக் கணக்கும் பழைய பஞ்சாங்கம். 2024 தொடக்கத்தில் ஆட்சென்ஸ் முறையை மாற்றிவிட்டார்கள். இப்போது விளம்பரம் எத்தனை தடவை காட்டப்பட்டது என்பதை வைத்துத்தான் எழுதுகிறவருக்குப் பணம்.

அல்வாவுக்கு வருகிறேன். திருநெல்வேலிக்காரன் எதைப் பற்றிப் பேசினாலும் மூன்றாவது வரியில் அல்வா வந்துவிடும், அது நம் தலையெழுத்து. சரக்கு நல்ல சரக்குதான், இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தக் கடை எங்கே இருக்கிறது? கீழ ரத வீதியில், நெல்லையப்பர் கோயிலுக்கு நேர் எதிரே. அங்கே கூட்டம் சேரத் தொடங்கியது கடை வந்த பிறகா, கோயில் வந்த பிறகா? இதைத்தான் நான் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், சரியாக உங்கள் கடிதம் வந்தது.

எங்கள் ஊர் ஆழ்வார்குறிச்சிக்கும் கடையத்துக்கும் நடுவில். வீடு ரோட்டை ஒட்டி இருந்தது. பக்கச் சுவர் சன்னல் இல்லாமல் முப்பது அடி நீளத்துக்கு மொட்டையாக நிற்கும். எதிரே ஒரு வேப்பமரம், மரத்தடியில் பஸ் நிற்கும். 1983-ல் நான் ஏழாம் வகுப்பு. ஒரு உரக் கம்பெனி ஏஜெண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வருஷத்துக்கு 150 ரூபாய், வீட்டு முகப்பு முழுக்க இலவசமாக வெள்ளையடித்துத் தருகிறோம், இந்தச் சுவரைக் கொடுங்கள் என்றார். அப்பா தார்சாவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டு முடிக்கிறவரை அவரை நிற்க வைத்தார். அப்புறம் கேட்டார்.

"என் வீட்டுச் செவரு மேல ஒமக்கு என்னவே அப்படி ஒரு பிரியம்?"

"செவரு மேல என்ன பிரியம் அண்ணாச்சி, எதுக்க பஸ் நிக்குதுல்லா."

மறுவாரம் எழுதுகிற ஆர்ட்டிஸ்ட் வந்தார், கூட ஒரு பையன். சுண்ணாம்பு ரெண்டு கோட் அடித்துக் காயவிட்டார்கள். நூலை நீலப்பொடியில் தோய்த்து, ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு, நடுவில் இழுத்து விட்டார் ஆர்ட்டிஸ்ட். டப் என்று ஒரு சத்தம். முப்பது அடிக்கும் ஒரு கோடு, கொஞ்சம்கூட வளையாமல் சுவரில் விழுந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு நான் எங்கே பள்ளிக்கூடம் போவது? கலர்ப்பொடிக்கு வஜ்ரப் பசை காய்ச்சுகிற நாற்றத்தில் அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. ஆர்ட்டிஸ்ட் கடைசி எழுத்தை முதலில் எழுதினார். ஏன் என்று கேட்டேன். "கடைசில எடம் பத்தாம எழுத்து சப்பளிஞ்சிரக் கூடாதுல்லா தம்பி" என்றார். பச்சையாக ஒரு நெற்கதிர், ஒரு உர மூட்டை, மீசை வைத்துச் சிரிக்கிற ஒரு விவசாயி. மூன்று நாளில் முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீடு யூரியா வீடு. பள்ளிக்கூடத்தில் என் பெயரும் யூரியாதான், பத்தாவது முடிக்கிறவரை.

ஏஜெண்டு சொன்ன பதிலில் உங்கள் ஆட்சென்ஸ் மொத்தமும் இருக்கிறது. உங்கள் பக்கத்தை ஒருவர் திறந்து அது முழுசாக விரிவதற்குள் ஒரு ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. அதில் ஏலம் போவது உங்கள் கட்டுரை இல்லை தம்பி, படிக்க வந்த ஆள். அவர் எந்த ஊரில் இருக்கிறார், கையில் என்ன போன், சமீபத்தில் எதைத் தேடினார் என்பதற்குத்தான் விலை. ஒரே படித்துறைக் கட்டுரையை டொராண்டோவில் இருக்கிற கல்லிடைக்குறிச்சிக்காரர் படித்தால் ஒரு விலை, சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் படித்தால் அதற்கு எவ்வளவோ கீழே. வருகிற தொகையில் ஏறக்குறைய 68 சதவீதம் எழுதுகிறவருக்கு, மிச்சம் நடுவில் இருப்பவர்களுக்கு. 11 டாலரைப் பார்த்துவிட்டு நம் எழுத்துக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று நீங்கள் ராத்திரி விழித்துக்கொண்டு கிடந்திருப்பீர்கள், கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. அந்த 11 டாலர் உங்கள் எழுத்தைப் படித்துப் பார்த்துப் போட்ட மார்க் இல்லை. எத்தனை பஸ் நின்றது, அதில் எத்தனை பேர் சன்னலோரம் இருந்தார்கள் என்ற கணக்கு.

அதே சமயம், அது வருமானமும் இல்லை. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். நீங்கள் போகிற வேகத்தில் இன்னும் ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகும். இதைச் சொல்லாமல் உங்களைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தால் நான் பொய்யன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்சென்ஸ் வந்தது 2003-ல். இந்திக்குக் கதவு திறந்தது 2014 டிசம்பரில். தமிழுக்கு 2018 பிப்ரவரியில்தான். அதுவரை தமிழில் எழுதியவர்கள் பெரும்பாலும் கைக்காசைப் போட்டு, ராத்திரி கண்விழித்து எழுதினவர்கள். சிலர் நாலு இங்கிலீஷ் பதிவைப் போட்டு அனுமதி வாங்கிவிட்டு, பிறகு தமிழுக்கு மாறிய கதையும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த வருஷம் ஏஜெண்டு மறுபடி வந்தார். "திண்ணைத் தூண்லயும் தகரப் போர்டு ரெண்டு அடிச்சுக்கிடுதோம், இன்னும் 50 ரூவா சேத்துத் தாரோம்" என்றார். எங்கள் திண்ணை பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் உட்காருகிற இடம். ஒரு மண்பானையில் தண்ணீர் இருக்கும், மேலே கவிழ்த்த செம்பு. சந்தைக்குப் போகிற கிழவிகள் தூணில் சாய்ந்து கண்ணசருவார்கள். அப்பா ஏஜெண்டைப் பார்த்து, "செவரு ரோட்டுல போறவனுக்கு, திண்ணை வந்து ஒக்காருதவனுக்கு. தகரமும் ஆணியும் அவன் முதுவுல குத்துனா ஒம்ம கம்பெனியா வந்து மருந்து போடும்?" என்றார். 50 ரூபாய் அன்றைக்குச் சின்னத் தொகை இல்லை. அம்மாவுக்குக்கூடக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது உங்கள் பத்தமடைக் கட்டுரையைச் சொல்கிறேன். போனில் படித்தேன். கோரையை ஆற்றில் ஊறப்போடுகிற இடத்தில் கடன் ஆப். கீறிக் காயவைக்கிற இடத்தில் முடி வளர்க்கிற எண்ணெய். பாவு பூட்டுகிற இடத்துக்கு வரும்போது திரை முழுக்க ஒரு கார். அதை மூடுகிற பெருக்கல் குறி கடுகளவு. என் விரல் கடுகளவு இல்லை. தப்பாகப் பட்டு எங்கேயோ போய்விட்டேன், திரும்பி வந்தால் பக்கம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. கோரை கீறுகிற அந்த அம்மாவின் கட்டைவிரலில் இருக்கும் காய்ப்பைப் பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். இந்த வருஷம் நான் படித்ததில் நல்ல மூன்று வரி அது. அதைப் படிக்க நான் மூன்று தடவை போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது. உங்களைப் பிடிக்கும் என்பதால் வந்தேன். வேறொருவர் வருவாரா? இன்னும் நாலு இடத்தில் வைக்கலாமா என்று கேட்கிற கையை ஒரு அடி அடிக்கலாம் போலிருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் யாரையும் உட்கார விடாதீர்கள்.

1991-ல் பஸ் ஸ்டாப்பைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் தள்ளிக் கொண்டுபோய்விட்டார்கள். யாரும் எங்களைக் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. அந்த வருஷம் ஏஜெண்டு வரவில்லை. பழைய பாக்கி 150 ரூபாயும் வரவில்லை. அப்பா ரெண்டு போஸ்ட் கார்டு போட்டுப் பார்த்தார். அப்புறம் சொந்தக் காசில் சுண்ணாம்பு வாங்கி அடித்தோம். எத்தனை கோட் அடித்தாலும் மழை பெய்து சுவர் நனைந்தால் போதும், உள்ளேயிருந்து அந்த விவசாயியின் மீசை மட்டும் தெரியும். இன்றைக்குக் கூகுளில் எதையாவது தேடினால் பதிலைப் பல சமயம் மேலேயே சுருக்கிக் கொடுத்துவிடுகிறது, கீழே இருக்கும் தளத்துக்குப் பலர் இறங்கி வருவதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேப்பமரத்தடியில் நிற்காமல் போன முதல் பஸ்தான் ஞாபகம் வருகிறது.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கிரெடிட் கார்டைப் பற்றி எழுதலாமா? உங்களிடம் கிரெடிட் கார்டு இருக்கிறதா? சம்பளத்துக்கு ஆள் வைத்து எழுதுகிற பெரிய கம்பெனிகளோடு இங்கிலீஷில் போய் மோதி, நாலு தளத்தைப் பார்த்து ஐந்தாவதாக ஒன்று எழுதி என்ன சாதிக்கப் போகிறீர்கள்? நீங்கள் வசூல் கணக்கு எழுதுகிறவர். தவணைக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தமிழில் எழுதுங்கள், நான் படிக்கிறேன். அந்தப் பதிவுக்கும் கடன் ஆப் விளம்பரம்தான் வந்து நிற்கும், அது வேறு கூத்து.

காசாக்குவது தப்பா என்பதெல்லாம் வேண்டாத வெட்கம். கொக்கிரகுளத்துப் பாலத்தை 1843-ல் சுலோச்சன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டினார், நாம் இன்றும் அதில்தான் போகிறோம். எல்லோரும் முதலியார் இல்லை. உங்களுக்கு அம்மா இருக்கிறாள், வாடகை இருக்கிறது. கொடை நோட்டீசின் கடைசிப் பக்கத்தில் அரிசிக்கடைக்காரர் விளம்பரம் கொடுப்பதில்லையா? கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவர்களிடம் நேரே போய்க் கேளுங்கள். டொராண்டோக்காரருக்கு அப்பளம் அனுப்ப அவர்களும் வழி தேடிக்கொண்டிருக்கலாம். மாதம் 500 ரூபாய் ஒருவர் கொடுத்தாலும் உங்கள் 14 மாதத்து ஆட்சென்ஸை ரெண்டே மாதத்தில் ஏறக்குறைய எட்டிவிடுவீர்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் ஒரு அப்பளமாவது பொரித்துக் கொடுப்பார்கள்.

அப்புறம், அந்தப் பாய்க் கட்டுரையின் கடைசியில், 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊறப்போட்டிருந்த கோரை முழுக்க ஆற்றோடு போய்விட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த அம்மா மறுவாரம் என்ன செய்தார்? கோரைக்கு எங்கே போனார்? முன்பணம் வாங்கியிருந்த கல்யாணப் பாய் என்ன ஆயிற்று? போய்க் கேட்டு எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டாயிற்றா?

அன்புடன்,
அண்ணாச்சி