மானிட்டரில் இரட்டை எழுத்து

கேள்வி: அச்சகத்தில் டி.டி.பி. வேலை செய்கிறேன். எங்கள் 19 அங்குல எல்.சி.டி. மானிட்டரில் ஒவ்வோர் எழுத்துக்கும் வலப்பக்கம், ஓர் அரிசி அகலம் தள்ளி, சாம்பல் நிறத்தில் இன்னோர் எழுத்து நிழல்போல் தெரிகிறது. ஒற்றுப்புள்ளி இரண்டாகிவிடுகிறது, பிழை திருத்துவதற்குள் கண் வலிக்கிறது. தூசிக்குப் பயந்து சி.பி.யூ.வை அடுத்த அறைக்கு மாற்றி, 5 மீட்டர் வி.ஜி.ஏ. கேபிளை ஒட்டுப்போட்ட பிறகுதான் இப்படி. பழுது பார்க்க வந்தவர் பேனல் போய்விட்டது என்கிறார். புதிது வாங்கத்தான் வேண்டுமா?
- வாசகி, சிவகாசி

பதில்: வாங்காதீர்கள் சகோதரி. முதலில் மானிட்டரின் மெனு பட்டனை அழுத்துங்கள். வெளிச்சம், வண்ணம் என்று வரும் அந்தப் பட்டியலை மானிட்டரே வரைகிறது. கேபிள் வழியாக அது வருவதில்லை. அதன் எழுத்துகளில் நிழல் இல்லையென்றால் பேனல் நலமாக இருக்கிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் பழைய இரும்புக் கடைக்குப் போன மானிட்டர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. அப்படிப் போகவிருந்த மூன்றை வாங்கி வந்து கேபிளை மட்டும் மாற்றினேன். மூன்றும் ஓடுகின்றன.

வி.ஜி.ஏ. என்பது 1987-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த அனலாக் இணைப்பு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 75 ஓம் (மின்னோட்டத்துக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பின் அளவு) கம்பிகளில் மின்னழுத்தமாகவே ஓடுகின்றன. வழியில் அந்த 75 ஓம் எங்கே மாறுகிறதோ, அங்கே சமிக்ஞையில் ஒரு பங்கு திரும்பிவிடுகிறது, கிணற்றில் கொடுத்த குரலைப்போல. உங்கள் ஒட்டில் மோதித் திரும்பியது, சி.பி.யூ. முனையில் மீண்டும் மோதி, தாமதமாக மானிட்டருக்கு வருகிறது. படம் இடமிருந்து வலமாக வரையப்படுவதால், தாமதித்தது வலப்பக்கம் விழுகிறது.

நீங்கள் சொன்ன அரிசி அகலத்தைக் கணக்குப் போட்டும் பார்த்தேன். கேபிளில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோ செகண்ட் (ஒரு நானோ செகண்ட் என்பது ஒரு செகண்டில் நூறு கோடியில் ஒரு பங்கு). போய்வர 10 மீட்டருக்கு 50. 1280×1024 திரையில் ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் 9 நானோ செகண்டுக்குச் சற்று மேல். ஆக, ஐந்தாறு புள்ளிகள் தள்ளி, ஒன்றரை மில்லிமீட்டரில் நிழல் விழ வேண்டும். அங்கேதான் விழுந்திருக்கிறது!

ஒட்டைக் கழற்றிவிட்டு, மானிட்டரோடு வந்த கேபிளை நேராகச் செருகி, இரண்டு திருகுகளையும் இறுக்குங்கள். டார்ச் அடித்து ஊசிகளையும் பாருங்கள். நடுவரிசையில் ஒன்று இல்லாமலிருந்தால் பதற வேண்டாம், பல கேபிள்களில் ஒன்பதாவது ஊசி இருக்காது. தூரம் அவசியமென்றால் ஒட்டில்லாத, தடித்த, உள்ளே கோஆக்சியல் கம்பி (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை உறை உள்ளது) கொண்ட ஒரே கேபிள் வாங்குங்கள். இரு பக்கமும் டி.வி.ஐ. என்ற டிஜிட்டல் இணைப்பு வாய் இருந்தால் இன்னும் நல்லது. டிஜிட்டலில் இந்த நிழல் வராது. ‘ஆட்டோ’ பட்டன் எழுத்து நடுக்கத்தைப் போக்கும், நிழலைப் போக்காது.

கேள்வி: என் மானிட்டரில் கிரிக்கெட் பார்க்கும்போது பந்துக்கு வால் முளைக்கிறது. இதுவும் கேபிள்தானா?
- வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. அசையும்போது மட்டும் தெரிந்தால், புள்ளிகள் நிறம் மாறத் தாமதிக்கின்றன என்று பொருள். மெனுவில் ‘ஓவர்டிரைவ்’ அல்லது ‘ரெஸ்பான்ஸ் டைம்’ என்றிருப்பதை நடுநிலையில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் வெளிறிய இன்னொரு வால் வரும்.