அம்மாவுக்கு ஆக்சிஜன் 97 காட்டுகிறது, நல்லதுதானே?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. பீடி, சிகரெட் பக்கமே போகாதவர், ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் விறகடுப்பில்தான் சமைத்தார். சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து, வீட்டுக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கச் சொன்னார்கள். நிமிடத்துக்கு 1 லிட்டர் வையுங்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்றார் டாக்டர். விரலில் மாட்டும் கருவி 89 காட்டினால் எங்களுக்குக் கை கால் உதறுகிறது. தம்பி 4 லிட்டர் வைத்தான், 97 வந்தது, இரண்டு நாளாக அப்படியே ஓடுகிறது. ஆனால் அம்மா காலையில் எழுந்ததும் தலைவலி என்கிறார், பகலெல்லாம் தூங்கி வழிகிறார். ஆக்சிஜன் நன்றாக ஏறியதால் வரும் தூக்கமா இது? வீட்டில் வேறு என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்? தயிர், வாழைப்பழம் கொடுக்கலாமா?

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். முதலில் மெஷினை டாக்டர் சொன்ன 1 லிட்டருக்கு இறக்குங்கள். பயந்துபோய் ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள், அதிக ஆக்சிஜனில் இருந்தவருக்குச் சட்டென்று நிறுத்தினால் அளவு முன்பு இருந்ததைவிடவும் கீழே விழும். இறக்கிய பிறகு 88க்குக் கீழே போய் அங்கேயே நின்றால், ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும் மட்டும் அரை அரை லிட்டராக ஏற்றி, 88ஐத் தொட்டதும் ஏற்றுவதை நிறுத்துங்கள். அம்மாவை இன்றைக்கே, ஏபிஜி என்கிற தமனி ரத்தப் பரிசோதனை செய்யும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, பேச்சு குழறுகிறது, ஆள் அடையாளம் தடுமாறுகிறது என்றால் நேரே 108.

ஏனென்றால் அது நல்ல தூக்கம் இல்லை. காலைத் தலைவலி, பகல் தூக்கம், அதுவும் ஆக்சிஜனைக் கூட்டிய பிறகு வந்தது என்றால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கையைத் தொட்டுப் பாருங்கள், வழக்கத்தைவிடக் கதகதப்பாக இருக்கலாம், நாடி துள்ளலாம். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னால் மணிக்கட்டு நிற்காமல் தொப் தொப்பென்று விழுந்து விழுந்து எழலாம். விரல் கருவி இது எதையும் காட்டாது. அது ஆக்சிஜனை மட்டும்தான் பார்க்கிறது, கரியமில வாயு எவ்வளவு ஏறினாலும் அதற்குத் தெரியாது, திரையில் 97 என்று ஜம்மென்று காட்டிக்கொண்டே இருக்கும்.

அதிக ஆக்சிஜன் எப்படிக் கெடுதல் செய்யும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிஓபிடி வந்த நுரையீரலில் சில பகுதிகளுக்குக் காற்று சரியாகப் போகாது. அங்கே ரத்தத்தை அனுப்பிப் பிரயோஜனமில்லை என்று உடம்பே அந்த இடத்து ரத்தக்குழாய்களைச் சுருக்கி, நல்ல பகுதிக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. நாம் வெளியிலிருந்து ஆக்சிஜனைக் கொட்டினால் அந்தச் சுருக்கம் விட்டுப்போய் ரத்தம் மறுபடி கெட்ட பகுதிக்கே போகும், அங்கே போன ரத்தம் கரியமில வாயுவை வெளியேற்றாமல் அப்படியே திரும்பி வரும். இது போக, ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபினால் கரியமில வாயுவை அவ்வளவாகச் சுமக்கவும் முடியாது. நான் படித்த காலத்தில் மூச்சு விடும் தூண்டுதல் நின்றுவிடும் என்று ஒரே வரியில் முடித்தார்கள், அது இதில் ஒரு சின்னப் பங்குதான். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் வந்த 405 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010ல் வெளியானது. ஒரு தரப்புக்குத் தாராளமாக ஆக்சிஜன், இன்னொரு தரப்புக்கு 88–92க்குள் அளந்து ஆக்சிஜன். சிஓபிடி என்று உறுதியானவர்களில் அளந்து கொடுத்த தரப்பில் இறப்பு 78 சதவீதம் குறைவு. உங்கள் டாக்டர் சும்மா சொல்லவில்லை.

உங்கள் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது. 2021 இரண்டாம் அலையில் வீட்டுக்கு வீடு இந்தக் கருவி வந்தது, 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று மனப்பாடமாகிவிட்டது. அது அதுவரை நன்றாக இருந்த நுரையீரலுக்குச் சொன்ன கணக்கு. நிமோனியா, கடுமையான ஆஸ்துமா என்று வருபவர்களுக்கு இன்றைக்கும் 94க்கு மேல்தான் வைக்கப் பார்ப்போம். அம்மாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, அவருக்கு 89 என்பது பாஸ் மார்க்.

அந்த 89கூட உண்மையான 89தானா என்று பார்க்க வேண்டும். மாட்டியவுடன் வரும் எண்ணை நம்பாதீர்கள், கையை மடியில் வைத்து அசையாமல் ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சும் அடர்த்தியாக வைத்த மருதாணியும் குழப்பும். திரையில் இரண்டு எண் வரும், ஒன்று ஆக்சிஜன், மற்றது நாடித் துடிப்பு. நாடித் துடிப்பு 86ஐ ஆக்சிஜன் என்று நினைத்து அலறி ஓடி வந்த குடும்பங்கள் நிறைய. நல்ல கருவியே இரண்டு மூன்று புள்ளி முன்னே பின்னே காட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாட்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள், அம்மாவுக்கே அது பதற்றம், பதற்றத்தில் மூச்சு இன்னும் வாங்கும். காலை, மாலை, அப்புறம் நடந்து வந்த பிறகு ஒரு தடவை, போதும்.

கருவியைவிட ஆளைப் பார்ப்பதுதான் வார்டில் நாங்கள் செய்வது. மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். எண்ணப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எண்ணினால் யாருக்கும் மூச்சு மாறிவிடும், அதனால் நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சில் வைத்து, ஏறி இறங்குவதை ஒன்றாகக் கணக்கிட்டு முழுதாக ஒரு நிமிடம் எண்ணுவோம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற வேலை வேண்டாம். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு 12 முதல் 20. உங்கள் அம்மாவுக்கு நல்ல நாளிலேயே 22 இருக்கலாம், அந்த நல்ல நாள் எண்ணைக் குறித்து வைத்தால்தான் கெட்ட நாள் எது என்று தெரியும். 30ஐத் தொட்டால் தாமதிக்கக் கூடாது. எண்ணும்போதே பாருங்கள், காறை எலும்புக்கு மேலே குழி விழுகிறதா, கழுத்துத் தசை கயிறு போலப் புடைத்து இழுக்கிறதா, ஒரு முழு வாக்கியம் நிறுத்தாமல் பேச முடிகிறதா. நேற்று வரை பேரனைத் திட்டிக்கொண்டிருந்தவர் இன்றைக்கு இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால், கருவி 91 காட்டினாலும் எனக்கு நிம்மதி இருக்காது.

மெஷினுக்கு வருவோம். லிட்டர் காட்டும் கண்ணாடிக் குழாயில் ஒரு சின்னக் குண்டு மிதக்கும், அதன் நடுப்பகுதி கோட்டில் நிற்க வேண்டும், குனிந்து கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள், நின்றபடி மேலிருந்து பார்த்தால் தப்பாகத் தெரியும். 1 லிட்டர் கோட்டில் ஒரு பிளாஸ்டர் ஒட்டி "இதற்கு மேல் டாக்டரைக் கேட்காமல் கூடாது" என்று எழுதிவிடுங்கள், தம்பிக்காக. மெஷினைச் சுவரை ஒட்டி, திரைச்சீலைக்குப் பின்னால் வைக்காதீர்கள், அது அறைக் காற்றை இழுத்துத்தான் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கிறது. பின்னால் உள்ள ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒரு முறை கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஆக்சிஜனை ஈரமாக்கும் தண்ணீர் பாட்டில் 1 லிட்டருக்குக் கட்டாயமில்லை. மூக்கு ரொம்ப வறண்டால் வைக்கலாம், ஆனால் டிஸ்டில்டு வாட்டர் அல்லது கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான், தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், தீரத் தீர மேலே ஊற்றிக்கொண்டே போகக் கூடாது. காதுக்குப் பின்னால் டியூப் அறுத்துப் புண்ணாகும், அங்கே கொஞ்சம் பஞ்சு வைத்துச் சுற்றுங்கள்.

பவர்கட்டுக்கு ஒரு பி டைப் சிலிண்டர் கைவசம் இருக்கட்டும். நிரம்பியதில் ஏறக்குறைய 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றால் ஒரு நாள் ஓடும். நிமிர்த்தி வைத்துக் கட்டிவிடுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு அதன் வால்வைத் தொடவே கூடாது, அழுத்தத்தில் வரும் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். இதே காரணத்துக்காக, மூக்கு வறட்சிக்கு வாசலினும் எண்ணெயும் வேண்டாம், தண்ணீரில் கரைகிற ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் நான் ரொம்பக் கறார். ஆக்சிஜன் தானாக எரியாது, எரிவதை வெறித்தனமாக எரியவைக்கும். சாமி விளக்கு, சூடம், ஊதுபத்தி எதுவும் அந்த அறையில் கூடாது. டியூபோடு அம்மா அடுப்படிக்குப் போகக் கூடாது, டியூபைக் கழற்றியவுடனும் போகக் கூடாது. சேலையில் ஆக்சிஜன் தங்கியிருக்கும், குறைந்தது இருபது நிமிடம் காற்றாட வேண்டும். விறகடுப்பை ஒரேயடியாக விட்டாச்சா? வெந்நீருக்கு மட்டும் என்று கொல்லையில் ஒன்று எரிந்துகொண்டிருந்தால் அதையும் அணையுங்கள். கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் அதே புகைதான்.

"ஆக்சிஜன் பழகிவிடும், கொஞ்ச நேரம் கழற்றி வை" என்று சொந்தக்காரர் யாராவது வந்து சொல்வார். பழகாது. எந்நேரமும் ஆக்சிஜன் குறைவாக இருப்பவர்களுக்கு நாளுக்கு 15 மணி நேரமாவது வைத்தால்தான் ஆயுள் கூடும் என்று 1980, 1981ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான ஆய்வுகள் காட்டின, இன்றைய வழக்கம் அதிலிருந்து வந்ததுதான். உங்கள் டாக்டர் எத்தனை மணி நேரம் சொன்னார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்வியில் அது இல்லை. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் டியூப் மூக்கிலேயே இருக்கட்டும்.

இன்ஹேலர் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, ஆக்சிஜன் வந்ததும் பலர் அதை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். மூச்சுக்குழாயைத் திறப்பது அந்த மருந்துதான், ஆக்சிஜன் அந்த வேலையைச் செய்யாது. அம்மா எப்படி இழுக்கிறார் என்று எதிரே உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள். ஸ்ப்ரே வகை என்றால் மூச்சை முழுதாக வெளியே விட்டு, அழுத்தி, மெதுவாக, நீளமாக இழுத்து, முடிந்தவரை பத்து விநாடி அடக்க வேண்டும். 66 வயதில் அழுத்துவதையும் இழுப்பதையும் சேர்த்துச் செய்வது கஷ்டம், ஸ்பேசர் (மருந்தைப் பிடித்துவைத்து நிதானமாக இழுக்கவிடும் குழாய்) வாங்கிவிடுங்கள். கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் வகை நேர் எதிர், வேகமாகவும் பலமாகவும் உறிஞ்ச வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி இழுத்தால் ஒன்று வீண். அந்தக் கேப்ஸ்யூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்குபவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்வது, மருந்தைக் கையில் கொடுத்தவர் செய்து காட்டவில்லை. ஸ்டீராய்டு கலந்ததை இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படரும். நெபுலைசர் (மருந்தைப் பனி போலாக்கி இழுக்கவைக்கும் மெஷின்) இருந்தால் அதன் சொந்த மோட்டாரிலேயே ஓடட்டும், ஆக்சிஜன் டியூபை அதில் சொருக வேண்டாம். மருந்து போகும் நேரத்திலும் மூக்கு டியூப் 1 லிட்டரிலேயே இருக்கலாம்.

மூச்சு வாங்கும்போது படுக்கவைக்காதீர்கள். நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் மேஜையில் இரண்டு தலையணை போட்டு, அதில் முழங்கையை ஊன்றிச் சாயச் சொல்லுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, விளக்கை அணையாமல் ஊதுகிற அளவுக்கு உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விட வேண்டும். நீங்களும் எதிரே உட்கார்ந்து கூடவே செய்யுங்கள். "மூச்சை நல்லா இழும்மா" என்று நாலு பேர் சுற்றி நின்று கத்தினால் வேலைக்காகாது, அவருக்குக் கஷ்டமே காற்றை வெளியே விடுவதில்தான்.

ஆக்சிஜன் அதிகமாக இறங்குவது குளியலறையில். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்து, டியூபைக் கழற்றாமல் குளிக்கவிடுங்கள். கையைத் தூக்கித் தலை துவட்டுவது பெரிய வேலை, அதை நீங்கள் செய்யுங்கள். மலச்சிக்கல் வராமல் பாருங்கள், முக்கினால் மூச்சு இன்னும் வாங்கும்.

தூக்கம் வரவில்லை என்று கடையில் தூக்க மாத்திரையோ, கோடீன் கலந்த இருமல் சிரப்போ வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், மூச்சை அடக்கும். ஆவி பிடிப்பதால் இந்த நோய்க்குப் பெரிய பலன் இல்லை, வெந்நீர் கொட்டிச் சுட்டுக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். ஃப்ளூ ஊசி வருடா வருடம் போட வேண்டும், நிமோனியா ஊசி பற்றி டாக்டரைக் கேளுங்கள்.

சளியின் நிறம் வெள்ளையிலிருந்து மஞ்சள், பச்சை என்று மாறுவது, அளவு கூடுவது, மூச்சிரைப்பு வழக்கத்தைவிட ஏறுவது, இந்த மூன்றில் இரண்டு வந்தாலே அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், காய்ச்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம். காலில் வீக்கம் வந்தால் அதையும் சொல்லுங்கள், இதயத்தின் வலது பக்கம் சிரமப்படுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். 108 வந்தால் முதல் வார்த்தையே "சிஓபிடி, 88–92 போதும் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்பதாக இருக்கட்டும், டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

தயிர், வாழைப்பழம் தாராளமாகக் கொடுங்கள். சளிக்கு ஆகாது என்று நிறுத்தி நிறுத்தித்தான் பலர் எலும்பும் தோலுமாக ஆகிறார்கள். மூச்சு விடவே இவர்களுக்கு நம்மைவிட அதிக சக்தி செலவாகிறது. வயிறு முட்டச் சாப்பிட்டால் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசை) கீழே இறங்க இடமிருக்காது, அதனால் மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரித்து, முட்டை, பருப்பு, சுண்டல், மீன் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ராத்திரித் தயிர் அவருக்கே பிடிக்கவில்லை என்றால் மத்தியானம் கொடுங்கள், அவ்வளவுதான்.