9 லட்சத்தில் டோக்கியோ: ஏஜென்ட் சீட்டில் விட்டுப்போன கணக்கு

கேள்வி: ஈரோட்டில் சின்னதாக ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். செலவெல்லாம் போக மாதம் எழுபது, எண்பதாயிரம் நிற்கும். மகள் கோவையில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. ஜப்பானிய மொழி மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. மாதம் 2,500 ரூபாய் கட்டி வகுப்புக்குப் போகிறாள். போன டிசம்பரில் சென்னையில் என்5 தேர்வு (ஜப்பானிய மொழித் தேர்வின் ஐந்து நிலைகளில் முதல் படி) எழுதிப் பாஸ் செய்துவிட்டாள். இப்போது ஒரு ஏஜென்ட், அக்டோபரில் டோக்கியோ மொழிப் பள்ளியில் ஒன்றரை வருடப் படிப்பில் சேர்த்துவிடுகிறேன், கைக்காசு 9 லட்சம் போதும், மீதியைப் பகுதிநேர வேலையில் அவளே சம்பாதித்துக்கொள்வாள், டிகிரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். வங்கியில் காட்ட வேண்டிய தொகையையும் அவரே ஏற்பாடு செய்வாராம். என்னிடம் எஃப்.டி. 9 லட்சம், வீட்டில் 28 பவுன் நகை இருக்கிறது. எஃப்.டி.யை உடைப்பதா, நகையை அடகு வைப்பதா? சனிக்கிழமைக்குள் 50,000 முன்பணம் கேட்கிறார்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: முன்பணம் கொடுக்க வேண்டாம். சனிக்கிழமை வரும், போகும். மொழிப் பள்ளிகளில் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என்று வருடத்துக்கு நான்கு முறை ஆள் சேர்க்கிறார்கள்.

நீங்கள் இணைத்திருந்த, ஏஜென்ட் கொடுத்த கணக்குச் சீட்டைப் பார்த்தேன். உங்கள் எஃப்.டி. 9 லட்சம், அவர் கேட்பதும் 9 லட்சம். கையிருப்பு எவ்வளவு என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டீர்களோ என்று ஒரு சந்தேகம்.

சரி, அந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு யென் 60 பைசா என்று வைத்துக்கொள்கிறேன். டோக்கியோ மொழிப் பள்ளியில் சேர்க்கைக் கட்டணம் எல்லாம் சேர்த்து முதல் வருடம் 8 லட்சம் யென்னுக்குக் கொஞ்சம் மேலே வரும். அடுத்த ஆறு மாதத்துக்கு நாலு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக, கட்டணம் மட்டும் சுமார் 12 லட்சம் யென். வாடகை, சாப்பாடு, ரயில் பாஸ், போன், மருத்துவக் காப்பீடு எல்லாம் சிக்கனமாகப் பார்த்தாலும் மாதம் 1.1 லட்சம் யென். 18 மாதத்துக்கு ஏறக்குறைய 20 லட்சம் யென். மொத்தம் 32 லட்சம் யென், அதாவது சுமார் 19 லட்சம் ரூபாய். விமான டிக்கெட், போன கையோடு வாங்கும் போர்வை, பாத்திரம், குளிர் உடுப்பு எல்லாம் சேர்த்தால் 20 லட்சம். சீட்டில் இருப்பது 9. மிச்சம் 11 லட்சத்தை உங்கள் மகள் உழைத்துக் கொண்டுவர வேண்டும். இதை அவர் "பகுதிநேர வருமானம்" என்று ஒரே வரியில் கழித்துவிட்டார்.

அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. மாணவர் விசாவில் போனவர்கள் தனி அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். நீண்ட விடுமுறைகளில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 1,226 யென். முதல் இரண்டு மாதம் வேலை தேடுவதில் போகும் என்று விட்டுவிட்டால், மீதி 16 மாதத்தில் 11 லட்சம் சேர்க்க வாரம் 21, 22 மணி நேரம் தவறாமல் உழைக்க வேண்டும். சட்டப்படி முடியும். ஆனால் என்5 மட்டும் வைத்துக்கொண்டு அங்கே என்ன வேலை கிடைக்கும்?

என் வாடிக்கையாளர் ஒருவரின் மகன் இதே மாதிரி என்5-உடன் போனான். சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் இரவு வேலை. பெல்ட்டில் ஓடிவரும் ஒவ்வொரு பெட்டியிலும் சோற்றின் நடுவில் ஒரு சிவப்பு உமெபோஷி ஊறுகாயை வைக்க வேண்டும். பெட்டிக்கு ஒன்று, கை நிற்கக் கூடாது. முகக்கவசம், தலைக்கு உறை, இயந்திரச் சத்தம், பக்கத்தில் நிற்பவர்கள் நேபாளம், வியட்நாமிலிருந்து வந்த பிள்ளைகள். ராத்திரி முழுக்க ஒரு வாக்கியம் ஜப்பானிய மொழியில் பேச வாய்ப்பில்லை. விடிந்ததும் வகுப்பில் போய்த் தூங்கினான். ஒன்றரை வருடம் கழித்து நடு நிலையான என்3 கூடத் தேறாமல் திரும்பினான். அப்பாவுக்குக் கடன் மட்டும் மிச்சம். அவன் சோம்பேறி இல்லை சார். மொழி படிக்கப் போன இடத்தில் மொழி கேட்காத வேலையைப் பார்த்தான், அவ்வளவுதான்.

என்3 அளவில் போகிறவர்களுக்கு உணவகத்தில் ஆர்டர் எடுக்கும் வேலையோ, கொன்பினி என்று அவர்கள் சொல்லும் 24 மணி நேரக் கடையில் கல்லா வேலையோ கிடைக்கும். நாளெல்லாம் வாடிக்கையாளரோடு பேச்சு. ஏறக்குறைய அதே கூலிக்கு மொழியும் கூடவே வரும். அதனால்தான் சொல்கிறேன், என்3 வரைக்கும் இங்கேயே படிக்கட்டும். மாதம் 2,500 கட்டிக் கோவையில் கற்றுக்கொள்ளக்கூடிய அடிப்படை இலக்கணத்தை டோக்கியோவில் மாதம் 40,000 கட்டிக் கற்பதற்கு நம்மிடம் காசு இல்லை. நம் பிள்ளைகளுக்கு இலக்கணம் சீக்கிரம் பிடிபடும். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு மாதிரி சொல்லுக்குப் பின்னால் ஒட்டும், இது-அது-எது போலவே கொரே-அரே-தொரே இருக்கும். மலை மாதிரி நிற்பது காஞ்சி என்று சொல்லும் சீன வழி வந்த எழுத்துகள்தான். அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் இருப்பவை 2,136. அதை எழுதி எழுதிப் பழக ஈரோட்டு வீட்டு மொட்டை மாடியே போதும். பேச்சும் காதும் பழகத்தான் அங்கே போக வேண்டும்.

இன்னொரு பெரிய விஷயம் டிகிரி. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஜப்பானில் அலுவலக வேலை, மென்பொருள் வேலைக்கான விசா வாங்கப் பட்டப்படிப்பு இருந்தால் வழி நேராக இருக்கும். இல்லாவிட்டால் பொதுவாகப் பத்து வருட அனுபவம் கேட்பார்கள். மகள் படிப்பதோ கம்ப்யூட்டர் சயின்ஸ். இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் கையில் வரும் பட்டத்தை விட்டுவிட்டு மொழிப் பள்ளிச் சான்றிதழோடு நின்றால், கொன்பினி கல்லாவைத் தாண்டிப் போவது கஷ்டம்.

படிப்பின் நடுவிலேயே போக ஆசை என்றால் அதற்குக் கல்லூரி வழியாக ஒரு கதவு இருக்கிறது, செலவும் குறைவு. கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்துக்கு நீங்களே ஒரு நடை போங்கள். ஜப்பான் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், சுவரில் போட்டோ மாட்டியிருப்பார்கள். கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை பிள்ளைகள் போனார்கள், அங்கே எடுத்த பாடங்களின் மதிப்பெண்ணை இங்கே சேர்த்துக்கொண்டார்களா என்று கேளுங்கள். பரிமாற்றத் திட்டத்தில் போனால் பெரும்பாலும் கட்டணம் இங்கே கட்டுவதோடு சரி, அங்கே இல்லை. ஐந்து மாதத்துக்குச் செலவு 5.5 லட்சம் யென், அதாவது 3.3 லட்சம் ரூபாய், பயணம் சேர்த்து நாலரை லட்சம். அழைக்கும் பல்கலைக்கழகம் பரிந்துரைத்தால் ஜாசோ என்ற ஜப்பான் மாணவர் சேவை அமைப்பின் உதவித்தொகை மாதம் 80,000 யென் கிடைக்கும். தனியாக விண்ணப்பிக்க முடியாது, மதிப்பெண்ணும் நன்றாக இருக்க வேண்டும். கிடைத்தால் உங்கள் கைக்காசு இரண்டு லட்சத்தோடு முடிந்துவிடும். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் திட்டத்தில் மொழி மாணவர்களுக்கென்று ஒரு வருட உதவித்தொகை உண்டு. ஆனால் அது ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் முதன்மைப் பாடமாக எடுத்தவர்களுக்கு, உங்கள் மகளுக்குப் பொருந்தாது. டிகிரி முடித்தபின் ஆராய்ச்சி மாணவர் பிரிவில் அவர் விண்ணப்பிக்கலாம்.

கல்லூரிக் கதவு திறக்கவில்லை என்றால், டிகிரியும் என்3-உம் முடித்துவிட்டு ஒரு வருட மொழிப் பள்ளி. அதற்கு எல்லாம் சேர்த்து 14 லட்சம் ரூபாய் ஆகும். இன்னும் 20 மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப்.டி.யை உடைக்காமல் விட்டால் வட்டியோடு 10 லட்சத்தைத் தொடும். மாதம் 12,000-க்கு ஒரு ஆர்.டி. போட்டால் இரண்டரை லட்சம். இதில் கடைக்கும் வீட்டுக்குமாக 2 லட்சத்தை அவசரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள், அதைத் தொடவே கூடாது. குறைவது மூன்றரை லட்சம். அதற்கு மட்டும் வங்கியில் நகைக் கடன் வாங்கலாம். 28 பவுனையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. மகள் அங்கே சம்பாதிப்பதை இந்தக் கடனைச் சீக்கிரம் அடைக்க வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுச் செலவை அதை நம்பி விடாதீர்கள். யென் விலையும் ஒரே இடத்தில் நிற்காது. 2020-ல் 70 பைசாவை ஒட்டி இருந்தது. மறுபடி அங்கே போனால் இந்த 14 லட்சம் 16-ஐத் தாண்டும்.

கல்விக் கடன் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் எந்த வங்கி, எந்தத் திட்டம் என்று எழுதிக் கேளுங்கள். வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் பட்டம், பட்டயப் படிப்புகளுக்கானது. வெறும் மொழிப் பள்ளி அதில் அடங்குவது அரிது. கடைசியில் கல்விக் கடன் என்ற பெயரில் உங்கள் தலையில் தனிநபர் கடனைக் கட்டிவிடுவார்கள்.

அப்புறம் அந்த "கணக்கில் காட்டும் பணம்". தயவுசெய்து வேண்டாம். ஜப்பான் குடிவரவுத் துறை இருப்பை மட்டும் பார்ப்பதில்லை, அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று பாஸ்புக் பதிவுகளையும் கேட்கும். திடீரென்று ஒரு நாள் 20 லட்சம் வந்து அடுத்த வாரம் காணாமல் போனால் சந்தேகம் வராதா? விசாவுக்கு முன் அந்தத் துறை தர வேண்டிய தகுதிச் சான்றிதழ் நிராகரிக்கப்பட்டால் அந்த நிராகரிப்பு உங்கள் மகள் பெயரில்தான் பதிவாகும், ஏஜென்ட் பெயரில் இல்லை. பொதுவாகப் பள்ளிகள் தகுதிச் சான்றிதழ் வந்த பிறகுதான் படிப்புக் கட்டணம் கேட்கும். அதையும் உங்கள் வங்கியிலிருந்து நேராகப் பள்ளிக் கணக்குக்கே அனுப்புங்கள். ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டி அனுப்பும் தொகைக்கு வங்கி டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியைப் பிடிக்கும். பயப்பட வேண்டாம், வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்ப வாங்கிவிடலாம்.

அங்கே போனதும் மருத்துவக் காப்பீட்டில் சேர்வது கட்டாயம். 20 வயது நிறைந்தவர்கள் தேசிய ஓய்வூதியத்திலும் சேர வேண்டும், மாதம் 17,000 யென்னுக்கு மேல். வருமானம் குறைந்த மாணவர்கள் நகராட்சி அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்து, அதைக் கட்டாமல் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் நோட்டீஸ் வந்ததும் பதறிய பெற்றோர்கள் எனக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒன்று மட்டும் இல்லை. மகள் எதற்காக ஜப்பானிய மொழி படிக்கிறார்? மொழிபெயர்ப்பா, அங்கே மென்பொருள் வேலையா, ஒரகடத்தில் இருக்கும் ஜப்பானிய நிறுவனங்களில் வேலையா? மூன்றுக்கும் கணக்கு வேறு வேறு. கடைசியாகச் சொன்னதுதான் என்றால் வெளிநாடு போகாமலே என்2 வரை தேறிவிடலாம். அடுத்த கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்.