பல்கலைக்கழக இன்குபேட்டர் என்றால் என்ன? உள்ளூர்த் தொழில்முனைவோருக்கு அது எப்படி உதவுகிறது?

புதிய நிறுவனத்துக்கு முதல் சில ஆண்டுகள் இடம், ஆய்வகம், வழிகாட்டுதல் தரும் அமைப்புதான் இன்குபேட்டர். நாற்றங்கால் மாதிரி: நாற்று தேறியதும் பிடுங்கி வயலில் நட வேண்டும், விட்டுவைத்தால் முற்றிப்போகும்.

தொடக்க நிறுவனத்தால் வாங்க முடியாத சோதனைக் கருவிகள் பல்கலையில் ஏற்கெனவே இருக்கின்றன. மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டாலே பெரிய செலவு மிச்சம். சிக்கல் பெரும்பாலும் காப்புரிமையில்தான். விண்ணப்பிக்கும் முன்பே ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டால் ஐரோப்பாவில் பொதுவாக உரிமை கிடைக்காது. அமெரிக்காவில் 12 மாத அவகாசம் உண்டு. தன் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தும் உரிமத்துக்குப் பல்கலை பெரிய முன்பணம் கேட்பது வீண் பேராசை, கையில் காசில்லாத நிறுவனம் அங்கேயே நின்றுவிடும். நிறுவனத்தில் சிறு பங்கோ, விற்பனைத் தொகையில் ஒரு பகுதியான ராயல்டியோ போதும்.

இது மாணவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பல இன்குபேட்டர்கள் வெளியாரையும் சேர்த்துக்கொள்கின்றன.